கடவுளை நம்பாதவரின் வாக்கை நம்பலாமா?

1857ஆம் வருஷம் ஆகஸ்ட் மாசம். லண்டன் மார்ல்பரோ தெரு போலீஸ் கோர்ட். திருட்டுப் புகாரோட ஒரு வெளிநாட்டுக்காரர் வந்து நிக்கறார். கடவுள் நம்பிக்கை இல்லைங்கறதை அவர் மறைக்கலை. அவ்வளவுதான், அவர் சாட்சி செல்லாது. புகாரைக் கேக்க ஆளில்லை.

அன்னைக்கு இங்கிலாந்துச் சட்டம் அப்படி. கடவுளையும் மறுமையையும் நம்பறேன்னு சொல்றவங்கதான் கூண்டில ஏறலாம். எந்தக் கடவுள்ங்கறதுல கெடுபிடி இல்லை. 1744லயே, கல்கத்தா இந்துக்கள் ஒரு பிராமணர் காலைத் தொட்டுப் பண்ணின சத்தியத்தை லண்டன் நீதிமன்றம் ஏத்துக்கிட்டிருக்கு! மேல இருந்து யாரோ ஒருத்தர் பாத்துக்கிட்டிருக்கணும், அதுதான் வேணும்.

நம்ம வீட்டுலயும் இதே சட்டம்தானே? "பொய் சொன்னா சாமி கண்ணைக் குத்தும்." இதையே தத்துவமா எழுதினவர் ஜான் லாக். மதச் சகிப்புத்தன்மைக்காக வாதாடி 1689ல அவர் வெளியிட்ட கடிதத்துலயே, நாத்திகரைச் சகிக்க முடியாதுன்னுட்டார். வாக்கு, ஒப்பந்தம், சத்தியம் எதுவும் அவங்களைக் கட்டுப்படுத்தாதுங்கறதுதான் காரணம்.

கேக்கறப்போ நியாயமாத்தான் படுது. ஆனா 1859ல தத்துவவாதி ஜான் ஸ்டூவர்ட் மில் இதுல இருந்த ஓட்டையைக் காட்டினார். நான் நாத்திகன், பொய் சொல்றதுக்கும் கூசமாட்டேன்னு வைங்க. நீதிபதி கேட்டா என்ன சொல்வேன்? "ஐயா, எனக்குப் பக்தி ஜாஸ்தி"ன்னு சொல்லிட்டு ஜம்முன்னு கூண்டில ஏறிடுவேன். மாட்டிக்கறது யாரு? ஊரே ஏசினாலும் பரவாயில்லைன்னு உண்மையைச் சொல்ற நாத்திகன். அதாவது, பொய்யனைத் தடுக்க வச்ச கேள்வி பொய்யனை உள்ள விட்டு, யோக்கியனை வெளிய தள்ளுது. தன்னோட நோக்கத்தையே கெடுத்துக்கற இப்படியொரு விதியை வேற எங்கயும் நான் பாத்ததில்லை.

கோர்ட் விதி 1869லயும் 1870லயும் தளர்ந்தது. நாடாளுமன்றம்தான் பிடிவாதம் பிடிச்சது. 1880ல நார்த்தாம்ப்டன் தொகுதியில ஜெயிச்சு வந்தார் சார்லஸ் பிராட்லா, ஊரறிஞ்ச நாத்திகர். பதவியேற்கறப்போ, "கடவுள் பேரால பண்ற சத்தியத்துக்குப் பதிலா உறுதிமொழி சொல்றேன்"னார். கூடாதுன்னாங்க. "சரி, சத்தியமே பண்றேன்"னார். நம்பாத நீ பண்ற சத்தியம் செல்லாதுன்னாங்க. ஒரு ராத்திரி பிக் பென் கோபுரத்துல காவல்ல கூட வச்சாங்க. இடத்தைப் பறிக்கப் பறிக்கத் தொகுதி மக்கள் திரும்பத் திரும்ப அனுப்பினாங்க. 1886லதான் தடையில்லாம உக்கார விட்டாங்க, அதுவும் சத்தியம் பண்ணித்தான்.

இங்க எனக்கும் ஒரு உறுத்தல். அர்த்தமில்லைன்னு தானே சொன்ன வார்த்தையை அவர் சொல்லலாமா? அதுல அடங்கின வாக்குறுதி என் மனசாட்சியைக் கட்டுப்படுத்தும்ங்கறது அவர் வாதம். முழுசா ஒப்புக்க முடியலை. ஆனா அந்த இக்கட்டுல மத்தவங்களைத் தள்ளாம இருக்க ஒரு காரியம் பண்ணினார். 1888ல, விரும்பறவங்க உறுதிமொழி சொல்லலாம்னு அவர் முயற்சியாலேயே சட்டம் வந்தது.

கொடுத்த வாக்கைக் காப்பாத்தவும் செஞ்சார்: இந்தியாவுக்காக நாடாளுமன்றத்துல பேசறேன்னு சொன்னார், பேசினார். 1889 பம்பாய் காங்கிரஸுக்கே வந்தார். 1891ல அவர் இறந்தப்போ இறுதிச் சடங்குக்குப் போனவங்கள்ல லண்டன்ல படிச்சுக்கிட்டிருந்த ஒரு மாணவரும் உண்டு: காந்தி. ராம நாமத்தை விடாத மனுஷன்!

அப்போ பக்தியால பிரயோஜனமே இல்லையான்னு கேப்பீங்க. இருக்கு. சாமிக்குப் பயந்து கை நீட்டாதவங்களும், சாமி மேல இருக்கற அன்பால பசிச்சவனுக்குச் சோறு போடறவங்களும் நம்ம தெருவிலயே இருக்காங்க. அதை யாரும் மறுக்க முடியாது. ஆனா வாக்குன்னு வந்தா அதுக்கு இன்னொரு பிடிமானமும் உண்டு: அதை நம்பி எதிர்ல நிக்கற மனுஷன். நாத்திகனும் அவனுக்குக் கடன்பட்டவன்தான். லாக் கணக்குல விட்டது அந்த ஆளைத்தான்.

நம்ம அரசமைப்புச் சட்டத்தோட மூணாவது அட்டவணையைப் பாருங்க. அமைச்சர் பதவியேற்க ரெண்டு வழி: கடவுள் பேரால சத்தியம் பண்ணலாம், இல்லைன்னா உளமார உறுதி கூறலாம். 1969 சத்தியப் பிரமாணச் சட்டப்படி சாட்சிக்கும் இதே உரிமை. கூண்டில ஏறி எந்த வழியில சொல்லியிருந்தாலும், பொய்ச் சாட்சின்னு நிரூபணமானா ரெண்டு பேருக்கும் ஒரே தண்டனை, ஏழு வருஷம் வரைக்கும் சிறை.