உங்களுக்குத் தெரியுமா? ஏதென்ஸ்காரர்களில் பாதிக்கு மேல் கிராமத்தார்!

கி.மு. 431 வரை ஏதென்ஸ் குடிமக்களில் பெரும்பாலோர் நகர மதிலுக்குள் குடியிருக்கவே இல்லை. சுற்றியிருந்த அட்டிகா நாட்டுப்புறத்தில்தான் வாழ்ந்தார்கள். சொல்பவர், அதே காலத்தில் வாழ்ந்த வரலாற்றாசிரியர் தூசிடிடீஸ்.

• அந்த ஆண்டு ஸ்பார்ட்டாவின் படை வந்தது. எல்லோரையும் மதிலுக்குள் வரச் சொன்னார் தலைவர் பெரிக்ளிஸ். ஆடுமாடுகளை யூபியா தீவுக்கும் பக்கத்துத் தீவுகளுக்கும் அனுப்பிவிட்டு, பெண்டு பிள்ளைகளோடு கிளம்பினார்கள். தட்டுமுட்டுச் சாமான்கள் மட்டுமல்ல, வீட்டில் பொருத்தியிருந்த மரங்களைக்கூடக் கழற்றி எடுத்துக்கொண்டார்கள். எவ்வளவு கனத்த மனதோடு கழற்றியிருப்பார்கள்!

• உள்ளே வந்தவர்களில் பலருக்கு வீடில்லை. காலி மனைகளிலும் கோயில்களிலும் மதில் கோபுரங்களிலும் தங்கினார்கள். மறு ஆண்டு கொள்ளைநோய். கோடை வெயிலில், காற்றுப் புகாத குடிசைகளில் நெருக்கியடித்துக் கிடந்த இந்தக் கிராமத்தார்தான் அதிகம் வதைபட்டார்கள். கி.மு. 429-இல் பெரிக்ளிஸும் இறந்தார்.

• குடியுரிமைப் பதிவே ஊர்வாரியாகத்தான் நடந்தது. கி.மு. 508-ஐ ஒட்டி ஏதென்ஸ் தலைவர் கிளீஸ்தனீஸ் கொண்டுவந்த ஏற்பாடு இது. தகப்பன் ஊரே மகனுக்கும் ஊர். நகரத்துக்குக் குடிபெயர்ந்தாலும் மாறாது. சாக்ரடீஸின் ஊர் அலோபெக்கே.

• கி.மு. 425-இல் அரங்கேறிய அரிஸ்டோஃபனீஸின் ‘அகார்னியர்கள்’ நாடகத்தில் கதாநாயகனே இப்படி மதிலுக்குள் வந்து மாட்டிக்கொண்ட ஒரு விவசாயி. தன் ஊரில் கரி முதல் எண்ணெய் வரை எதையும் காசு கொடுத்து வாங்கியதில்லையே என்று ஏங்குகிறான்.