கோடைக்காட்டின் வண்ணச் சிறகுகள்

நுழையும்முன்

அழகிய உயிரினம் ஒன்றைக் கண்டதும் கைப்பற்றத் துடிப்பது மனித இயல்பு. ஒரு காலத்தில் வலையும் குண்டூசியும் அந்த ஆவலை நிறைவேற்றின. இன்று ஒளிப்படக்கருவி அதனை நிறைவேற்றுகிறது. உயிருக்குத் தீங்கின்றி அழகைப் பதிவு செய்வதற்கு அறிவும் பொறுமையும் வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலைக்காடுகளில் வாழும் அரிய வண்ணத்துப்பூச்சிகளைக் கோடையில் தேடிக் காண்பதையும், அவற்றைப் படமெடுப்பதையும், அப்படங்களால் விளையும் பயனையும் இக்கட்டுரை விளக்குகிறது.

ஓடைக்கரைக் கூட்டம்

மே மாதத்தின் ஒரு காலைப்பொழுது. முந்தைய நாள் பெய்த கோடைமழையில் மலையடிவாரத்து ஓடைமணல் நனைந்திருக்கிறது. வெயில் ஏறியதும் மஞ்சளும் வெள்ளையும் நீலமுமாக வண்ணத்துப்பூச்சிகள் ஒவ்வொன்றாக வந்து அம்மணலில் அமர்கின்றன. சற்று நேரத்தில் அவ்விடம் பூக்கள் உதிர்ந்துகிடக்கும் முற்றம் போலாகிவிடுகிறது. மேட்டுப்பாளையத்தை அடுத்த கல்லாறு போன்ற இடங்களில் இக்காட்சியைக் காணலாம்.

பூவில் தேன் உண்ணும் பூச்சிக்கு ஈரமணலில் என்ன வேலை? தேனில் சர்க்கரை மிகுதி. சோடியம் போன்ற உப்புகளோ மிகக் குறைவு. ஈரமண்ணில் கரைந்திருக்கும் உப்புகளை உறிஞ்சுகுழலால் பருகவே அவை வருகின்றன. இங்குக் கூடுபவை பெரும்பாலும் ஆண்பூச்சிகளே. அவை திரட்டும் உப்பு, இனச்சேர்க்கையின்போது பெண்பூச்சியைச் சென்றடைந்து முட்டைகளுக்கு வளம் சேர்க்கிறது. ஓடைக்கரையில் நாம் காணும் கூட்டம், அடுத்த தலைமுறைக்கான சேமிப்பில் ஈடுபட்டிருக்கிறது என்று கூறலாம்.

யாரைத் தேடுகிறோம்?

மேற்குத் தொடர்ச்சி மலையில் 330க்கும் மேற்பட்ட வண்ணத்துப்பூச்சி இனங்கள் பதிவாகியுள்ளன. அவற்றுள் சில, உலகில் வேறெங்கும் காணப்படாத ஓரிட வாழ்விகள்.

தமிழ்நாட்டின் மாநில வண்ணத்துப்பூச்சியாக 2019ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்ட தமிழ் மறவன், செம்மஞ்சள் சிறகும் கருநிற விளிம்பும் கொண்டது. மலைக்காடுகளில் கூட்டமாகப் பறக்கும் இயல்புடையது. அதன் புழுக்கள் மரவெட்டி மரத்தின் இலைகளை உண்டு வளர்கின்றன. நீரடிமுத்து என்றும் வழங்கப்படும் அம்மரத்தின் விதை எண்ணெய் முற்காலத்தில் தொழுநோய்க்கு மருந்தாகப் பயன்பட்டது.

தீபகற்ப இந்தியாவிற்கே உரிய பறவைச்சிறகு வண்ணத்துப்பூச்சி, ஏறத்தாழ 14 முதல் 19 செ.மீ. வரை சிறகு விரிக்கும். கருநிற முன்சிறகும் பொன்மஞ்சள் பின்சிறகும் கொண்ட இது மரங்களின் உச்சியில் பறக்கும்போது சிறு பறவையோ என்று மயங்கத் தோன்றும். மலையாளத்தில் வனதேவதை எனப்படும் மற்றொன்று, கரும்புள்ளிகள் இட்ட வெண்காகிதம் காற்றில் மிதப்பதுபோல் பசுமைமாறாக் காடுகளின் நிழலில் மெல்லப் பறந்து செல்லும்.

கண்ணை ஏமாற்றுவதில் வல்லது இலை வண்ணத்துப்பூச்சி. சிறகின் மேற்புறம் நீலமும் வெளிர் பட்டையுமாக ஒளிரும். மரத்தண்டில் அமர்ந்து சிறகை மூடியதும் அந்நிறங்கள் அனைத்தும் மறைந்துவிடும். நடுநரம்பு போன்ற கோடும், கூரிய நுனியும், பழுப்பு நிறமும் சேர்ந்து ஓர் உலர்ந்த இலையே எஞ்சி நிற்கும். பூக்களை நாடாமல் மரங்களில் வழியும் சாற்றையும் அழுகிய கனிகளையும் இது பருகும். எனவே பூக்களை மட்டும் பார்த்துக்கொண்டு நடப்பவர் இதனைக் காணமாட்டார்.

இடமும் காலமும்

வண்ணத்துப்பூச்சியைத் தேடுவோர் முதலில் தாவரங்களை அறிந்திருக்க வேண்டும். தாய்ப்பூச்சி தன் குஞ்சுகளுக்கு ஏற்ற செடியில் மட்டுமே முட்டையிடும். கால்களில் உள்ள சுவை உணரிகளால் இலையைத் தொட்டே அதன் தன்மையை அறிந்துகொள்ளும். பறவைச்சிறகின் புழுக்கள் ஈசுவரமூலி போன்ற கொடிகளை உண்கின்றன. அக்கொடியின் நச்சுப்பொருள் புழுவின் உடலில் தங்கி, பறவைகள் அதனை உண்ணாதவாறு காக்கிறது. கொடி இருக்குமிடத்தை அறிந்தவர், பூச்சி வருமிடத்தையும் அறிந்தவர் ஆகிறார்.

காலத்தைத் தெரிவதும் இன்றியமையாதது. வண்ணத்துப்பூச்சி தன் உடல்வெப்பத்தைக் கதிரவனிடமிருந்தே பெறுகிறது. பறப்பதற்கு மார்புத் தசைகள் சூடேற வேண்டும். ஆகையால் காலையில் அவை இலைமீது சிறகை விரித்து வெயில் காயும். சிறகின் மேற்புறத்தைப் படமெடுக்க ஏற்ற நேரம் அதுவே. வெயில் ஏறியபின் அவை விரைந்து பறக்கும். கோடையின் உச்சிப்பொழுதில் பல இனங்கள் நிழலையும் நீர்க்கரையையும் நாடும். அங்குப் பெரும்பாலும் சிறகை மூடி அமர்வதால் கீழ்ப்புறத்தைத் தெளிவாகக் காணலாம்.

அணுகும் முறை

வண்ணத்துப்பூச்சியின் கூட்டுக்கண்கள் ஏறத்தாழ எல்லாத் திசைகளையும் ஒருசேரக் காணவல்லவை. அசைவை அவை மிக விரைவில் உணரும். கடந்து செல்லும் நிழல், பறவையின் வரவாக அதற்குத் தோன்றும். ஆகவே, படமெடுப்போர் கதிரவன் எத்திசையில் இருக்கிறான் என்பதைப் பார்த்து, தம் நிழல் பூச்சியின்மேல் விழாதவாறு நெருங்க வேண்டும். உடலைத் தாழ்த்தி, ஓரடி வைத்து நின்று, பின் அடுத்த அடி வைப்பது நலம். முதல் படத்தைச் சற்றுத் தொலைவிலிருந்தே எடுத்துவிட வேண்டும். அடுத்த அடிக்குள் பூச்சி பறந்துபோனாலும் அடையாளம் காண அப்படம் உதவும்.

பூச்சி எழுந்து பறந்தால் பின்னால் ஓடக்கூடாது. பல இனங்கள் சற்றுச் சுற்றிப் பறந்து, அமர்ந்த இடத்திற்கே திரும்பி வரும். அசையாது காத்திருப்பவருக்கே அந்த இரண்டாம் வருகை கிட்டும்.

ஒளிப்படக் கருவியும் நுட்பமும்

சிற்றுருக்களை நெருங்கிப் படமெடுக்க உதவும் மேக்ரோ வில்லைகளுள் 100 மி.மீ. அளவிலானவை ஏற்றவை; பூச்சியை அச்சுறுத்தாத தொலைவிலிருந்து எடுக்க அவை இடந்தரும். நல்ல கைப்பேசியும் பொறுமையும் இருப்பவர்கள் தொடக்கநிலையில் வேறு கருவியைத் தேட வேண்டியதில்லை.

மிக அருகிலிருந்து படமெடுக்கும்போது குவிய ஆழம் சில மில்லிமீட்டராகக் குறுகிவிடும். சிறகின் ஒரு முனை தெளிவாகவும் மறுமுனை மங்கலாகவும் பதிவதற்கு இதுவே காரணம். சிறகின் பரப்பிற்குக் கருவியை இணையாகப் பிடித்தால் முழுச்சிறகும் தெளிவுறும். துளையளவை எஃப் 8 என்ற நிலையில் வைப்பது குவிய ஆழத்தைக் கூட்டும். துளை சுருங்கினால் ஒளி குறையும். ஒளி குறைந்தால் திறப்புநேரம் நீளும். நேரம் நீண்டால் அசைவில் படம் கலங்கும். நொடியில் 500இல் ஒரு பங்கு என்ற வேகத்தைக் காத்துக்கொண்டு இம்மூன்றையும் சமன் செய்வதில்தான் காட்டின் நிழலில் படமெடுப்பவரின் திறன் வெளிப்படும்.

படம் எப்போது சான்றாகிறது?

வின்டர் பிளித் எழுதிய இந்திய வண்ணத்துப்பூச்சிகள் பற்றிய நூலைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1957ஆம் ஆண்டு வெளியிட்டது. அக்கால ஆய்வுகள் பெரிதும் பிடித்துச் சேர்த்த பூச்சிகளை ஆதாரமாகக் கொண்டவை. ஒவ்வொரு பூச்சியின் கீழும் இடமும் நாளும் எழுதிய சிறு சீட்டு இருந்தது. அச்சீட்டு இல்லாத பூச்சி ஆய்வாளருக்குப் பயன்படாது. இன்றைய ஒளிப்படத்திற்கும் இதுவே விதி.

இவ்விதியின் தேவையை ஓர் எடுத்துக்காட்டால் உணரலாம். அந்தி வேளையில் பறக்கும் பழுப்புநிற வண்ணத்துப்பூச்சி ஒன்று நம் ஊர்ப்புறங்களிலும் உண்டு. மழைக்காலத்தில் பிறக்கும் பூச்சியின் கீழ்ச்சிறகில் கண்போன்ற புள்ளிகள் வரிசையாக அமைந்திருக்கும். வறண்ட காலத்தில் பிறப்பவற்றில் அப்புள்ளிகள் மங்கி, சிறகு சருகின் தோற்றம் கொள்ளும். நாள் குறிக்கப்படாத இரு படங்களைக் காண்பவர் அவற்றை இரு வேறு இனங்கள் எனக் கருதிவிடக்கூடும்.

ஆதலால் நாள், நேரம், இடம், அருகிலிருந்த தாவரம், பூச்சி செய்துகொண்டிருந்த செயல் ஆகியவற்றை அன்றே குறித்துவைக்க வேண்டும். ஐநேச்சுரலிஸ்ட் போன்ற இணையத்தளங்களில் இத்தகைய பதிவுகளை மாணவரும் இடலாம். ஓர் ஓடைக்கரையில் ஆண்டுதோறும் எடுக்கப்பட்ட படங்கள், அங்கிருந்த இனம் எப்போது குறைந்தது என்பதற்குச் சான்று பகரும். சான்று இருந்தால்தான் காரணத்தைத் தேட முடியும்.

> தெரியுமா?
> 2020ஆம் ஆண்டு முதல் செப்டம்பர் மாதம் இந்தியாவில் ‘பெரும் வண்ணத்துப்பூச்சி மாதம்’ எனக் கொண்டாடப்படுகிறது. பொதுமக்கள் தாம் கண்ட வண்ணத்துப்பூச்சிகளைப் பதிவு செய்து இதில் பங்கேற்கின்றனர்.

படமா, பூச்சியா?

நல்ல படத்தின்மீது கொண்ட ஆசை, தீங்கிற்கும் வழிவகுக்கும். பூச்சியைக் குளிரூட்டி மயங்கச் செய்து படமெடுப்போர் உள்ளனர். பின்னணி தெளிவாக அமைய வேண்டுமென்று கிளைகளை ஒடிப்போரும் உள்ளனர். ஒடிக்கப்படும் கிளையில் முட்டைகள் இருக்கலாம். இலையின் அடியில் கூட்டுப்புழு தொங்கிக்கொண்டிருக்கலாம். ஓடைக்கரையில் கூடிய பூச்சிகளை மீண்டும் மீண்டும் கலைத்தால், அவை திரட்ட வந்த உப்பு கிட்டாமல் போகும். ஓர் இனத்தின் அழகைக் காட்டுவதற்காக அதன் அடுத்த தலைமுறையை அழிப்பது எவ்வகையில் அறமாகும்?

சட்டமும் இதில் தெளிவாக உள்ளது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வண்ணத்துப்பூச்சி இனங்கள் பலவற்றிற்குப் பாதுகாப்பளிக்கிறது. காப்புக்காட்டிற்குள் நுழைய வனத்துறையின் இசைவு வேண்டும்.

சட்டம் எட்டாத இடங்களும் உண்டு. ஈசுவரமூலிக் கொடியைக் களை என்று அறுத்தெறிபவர் எந்தப் பூச்சியையும் கொல்ல நினைப்பதில்லை. ஆயினும், அக்கொடி நீங்கிய இடத்தில் பறவைச்சிறகு முட்டையிடுவதில்லை. பூச்சியைப் படமெடுக்கச் சென்றவர், அதன் கொடியையும் படமெடுத்து ஊராருக்குக் காட்டினால், அடுத்த கோடையில் அக்கொடி தப்பக்கூடும். ஒளிப்படத்தால் விளையக்கூடிய பெரும்பயன் இதுவே.

நாம் திரும்பும் வேளையில் ஓடைமணல் நாம் வந்தபோது இருந்தவாறே இருக்க வேண்டும். படம் கிட்டாத நாளிலும் அப்பூச்சி அங்குப் பறந்துகொண்டிருப்பின், நம் பயணம் வீணாகவில்லை.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் பள்ளி வளாகத்திலோ வீட்டருகிலோ காணும் வண்ணத்துப்பூச்சிகளை ஒரு வாரம் கவனித்து, நாள், நேரம், இடம், தாவரம், செயல் ஆகியவற்றுடன் அட்டவணைப்படுத்துக.

2. கறிவேப்பிலை, எலுமிச்சை, எருக்கு ஆகிய செடிகளின் இலைகளைப் பறிக்காமல் ஆராய்ந்து, அவற்றில் காணும் முட்டை, புழு ஆகியவற்றைப் பற்றி ஒரு பத்தி எழுதுக.

3. ‘ஒளிப்படக் கலைஞருக்கு அழகுணர்வைவிட அறவுணர்வே முதன்மையானது’ – வகுப்பறையில் கலந்துரையாடுக.