கல்லுக்கும் உண்டு சோதனை

மழைக்காலத்துப் பாலும் வெயில் காலத்துப் பாலும் கண்ணுக்கு ஒரே வெண்மையாகத்தான் தோன்றும். ஆயினும் இரண்டிலும் உள்ள ரப்பரின் அளவு ஒன்றன்று. அதனாலேயே பாலைச் சோதித்து, அதிலுள்ள உலர்ந்த ரப்பரைக் கணக்கிடும் வழக்கம் தோட்டங்களில் உண்டு. தோற்றத்தைக் கொண்டு தரத்தை முடிவு செய்யலாகாது என்னும் இவ்வுண்மை, வீடு கட்டவும் சாலை போடவும் பயன்படும் ஜல்லிக் கல்லுக்கும் பொருந்தும்.

கான்கிரீட்டின் பருமனில் ஏறக்குறைய 60 முதல் 75 விழுக்காடு கல்லும் மணலுமே. தார்க் கலவையின் எடையிலோ சுமார் 95 விழுக்காடு கல்லும் கல்தூளும் ஆகும். சிமெண்டும் தாரும் கற்களை ஒட்டி வைக்கும் பசை. சுமையைத் தாங்குவது கல்லே. கல் நொறுங்கினால் சாலையில் குழி விழும். குழியில் நீர் தேங்கிப் பள்ளமாகும். பள்ளிப் பேருந்தும், நோயாளியை ஏற்றிச் செல்லும் வண்டியும் அவ்வழியேதான் சென்றாக வேண்டும்.

ஒரே மலை, இருவகைக் கல்

தீபகற்ப மலேசியாவின் கல் குவாரிகள் பலவற்றில் கிடைப்பது கருங்கல். நமது நாட்டின் வெப்பமும் மழையும் பாறையை மேலிருந்து சிறிது சிறிதாகச் சிதைக்கின்றன. கருங்கல்லில் உள்ள ஒருவகைக் கனிமம் நாளடைவில் களிமண்ணாக மாறிவிடுகிறது. எனவே, மலையின் மேற்பகுதியில் எடுத்த கல் வலுவிழந்தும், ஆழத்தில் எடுத்த கல் உறுதியாகவும் இருக்கக்கூடும். லாரியில் கொட்டிய பின்னர் இரண்டையும் பிரித்தறிவது எளிதன்று.

உருளையில் ஒரு சோதனை

உராய்வையும் மோதலையும் கல் தாங்குமா என்பதை அறிய, லாஸ் ஏஞ்சலிஸ் சோதனை என்னும் முறை உலகெங்கும் கையாளப்படுகிறது. கழுவி உலர்த்திய 5 கிலோகிராம் ஜல்லியை ஓர் இரும்பு உருளைக்குள் இடுவர். அதனுடன், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 400 கிராம் எடையுள்ள எஃகுக் குண்டுகளையும் சேர்ப்பர். உருளை 500 முறை சுழலும். கால் மணி நேரத்திற்குக் கல்லும் குண்டும் மேலெழுந்து விழுந்து மோதிக்கொண்டே இருக்கும்.

பின்னர் 1.7 மில்லிமீட்டர் கண்ணுள்ள சல்லடையில் சலித்து, மேலே தங்கியதை நிறுப்பர். 5,000 கிராமில் 3,900 கிராம் தங்கினால் இழப்பு 1,100 கிராம், அதாவது 22 விழுக்காடு. பொதுப்பணி இலாகாவின் 2008ஆம் ஆண்டுச் சாலைப்பணி விதிமுறையின்படி, தார்க் கலவைக்குரிய கல்லில் இவ்விழப்பு 25 விழுக்காட்டைத் தாண்டலாகாது. ஆகவே இக்கல் தேறியது. 3,500 கிராம் மட்டுமே தங்கினால் இழப்பு 30 விழுக்காடு; அக்கல் தேறாது.

உப்பு நீரில் ஒரு சோதனை

மழையில் நனைந்தும் வெயிலில் காய்ந்தும் கல் நிலைத்திருக்குமா? இதனை அறியப் பல ஆண்டுகள் காத்திருக்க இயலாது. மெக்னீசியம் சல்ஃபேட் கரைசலில் கல்லைக் குறைந்தது 16 மணி நேரம் ஊறவைத்து, பின்னர் 110 பாகை செல்சியஸ் வெப்பத்தில் உலர்த்துவர். இந்த உப்பு, பேதியுப்பு என்று நாம் அறிந்ததே. கல்லின் நுண்ணிய வெடிப்புகளில் புகுந்த உப்பு, படிகமாக வளர்ந்து உள்ளிருந்து நெருக்கும். பலவீனமான கல் உதிர்ந்துவிடும். ஐந்து முறை இவ்வாறு செய்த பின்னும் எடை இழப்பு 18 விழுக்காட்டுக்கு மேற்படலாகாது என்பது அதே விதிமுறை.

இவையன்றி, கல் எவ்வளவு நீரை உறிஞ்சுகிறது, தட்டையான கற்கள் எத்தனை பங்கு உள்ளன, சக்கரங்கள் ஓடி ஓடிக் கல் வழவழப்பாகுமா என்பனவும் சோதிக்கப்படுகின்றன.

நாம் செய்யத்தக்கது

பலர் சேர்ந்து பணம் திரட்டி மண்டபமோ கோயிலோ கட்டும்போதும், சேமிப்பைக் கொண்டு சொந்த வீடு எழுப்பும்போதும், விலை மலிவு என்பதற்காக மட்டும் கல்லை வாங்குதல் நன்றன்று. பணம் கொடுக்கும் முன்னரே சோதனை அறிக்கையைக் கேளுங்கள். குவாரியின் பெயர், சோதித்த நாள், கல் எடுக்கப்பட்ட இடம் ஆகிய மூன்றும் அதில் உள்ளனவா என்று பாருங்கள். பல ஆண்டுகளுக்கு முந்தைய அறிக்கை, இன்று வந்திறங்கிய கல்லுக்குச் சான்றாகாது.

பழுப்பேறிய கல், விரலால் அழுத்தினாலே உதிரும் கல், மண் ஒட்டிய கல் ஆகியவற்றைக் கண்டால், குத்தகையாளரிடம் உடனே தெரிவியுங்கள். படித்தவர்தான் கேட்க வேண்டும் என்பதில்லை. பணம் கொடுப்பவர் எவரும் கேட்கலாம். தளத்திலும் தூணிலும் புதைந்துவிட்ட கல்லைப் பின்னர் மாற்றுதல் அரிது. கேட்க வேண்டிய கேள்வியைக் கல் குவியலாகக் கிடக்கும்போதே கேட்டுவிடுவது, நம் உழைப்பின் பயனைக் காப்பதாகும்.