மந்த புத்திக்கு ஓர் அளவுகோல்

பாடம் ஏறாத பிள்ளையை ‘மண்டு’ என்று பெயரிட்டுக் கடைசிப் பெஞ்சியில் உட்கார்த்திவிடுவது உபாத்தியாயருக்கு மிகவும் சுலபமான காரியம். பெற்றோரும் தலையெழுத்தின்மேல் பழியைப் போட்டுவிட்டு ஆறுதல் அடைவார்கள். அப்பிள்ளைக்குக் கண் மங்கலோ, காது மந்தமோ, வயிற்றுக்குப் போதிய சோறு இல்லையோ, அன்றிச் சொல்லிக்கொடுத்தவரிடத்திலேதான் குறையோ என்று விசாரிப்பவர் வெகு சிலரே. விசாரணையின்றித் தீர்ப்புக் கூறலாகாது என்பது நியாயஸ்தலங்களின் முதல் விதி. அவ்விதியைப் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுபோக முயன்றவர் பிரெஞ்சு தேசத்து மனோதத்துவ சாஸ்திரியான ஆல்பிரெட் பினே. அவர் உழைத்த உழைப்பையும், அவர் காலமான பின் அவ்வுழைப்புக்கு நேர்ந்த கதியையும் வாசகர்கள் அறிந்துகொள்வது நலமெனக் கருதி இதனை எழுதலானோம்.

பினே 1857-ம் வருஷத்தில் நீஸ் நகரில் பிறந்தார். 1878-ல் சட்டப் பரீட்சையில் தேறினார். ஆயினும் வக்கீல் தொழிலில் அவர் மனம் செல்லவில்லை. பாரிஸ் தேசீயப் புத்தகசாலையில் உட்கார்ந்து, குருவென்று ஒருவரும் இல்லாமலே மனோதத்துவத்தைப் படித்தார். பிறகு சல்பேத்ரியேர் வைத்தியசாலையில், பேர்பெற்ற ஷார்க்கோ என்னும் வைத்தியரைச் சார்ந்து, மனோவசிய ஆராய்ச்சியில் இறங்கினார். வசியத்திலிருக்கும் நோயாளியிடம் காந்தக் கல்லைக் காட்டினால் அவனுடைய நோய்க்குறி உடலின் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்குப் பெயர்ந்துவிடும் என்று அவரும் அவருடைய தோழரும் எழுதினார்கள். பெல்ஜிய தேசத்து டெல்பூஃப் என்பவர் நேரில் வந்து பார்த்து, நோயாளிகள் காதுபடவே வைத்தியர்கள் பேசிக்கொள்வதால் வந்த விளைவே இது, காந்தத்தின் சக்தியன்று என்று கண்டித்தார். பினே முதலில் வாதாடினார். முடிவில் தம் பிழையை ஒப்புக்கொண்டார். இளம் வயதில் பெற்ற இவ்வடி அவருக்கு வாழ்நாள் முழுதும் உதவிற்று. எதிரில் இருப்பவனுடைய மனத்தைச் சோதிக்கப் புகுமுன் சோதிப்பவன் தன் மனத்தைச் சோதித்துக்கொள்ளவேண்டும் என்பதை அவர் பின்னர் ஒருபோதும் மறக்கவில்லை.

1891-ல் அவர் சோர்போன் சர்வகலாசாலையின் மனோதத்துவப் பரிசோதனைச் சாலையில் சம்பளமின்றியே சேர்ந்து, சில வருஷங்களில் அதன் தலைவரானார். அவருடைய சிரத்தை செல்லாத துறை இல்லையெனலாம். பூச்சிகளின் நரம்பு மண்டலத்தை ஆராய்ந்து டாக்டர் பட்டம் பெற்றார். பலகையைப் பாராமலே சதுரங்கம் ஆடுகிறவர்களையும், மனக்கணக்கில் வல்லவரான இனோடி போன்றாரையும் ஆராய்ந்து 1894-ல் ஒரு நூல் வெளியிட்டார். கையெழுத்தைக் கொண்டு குணத்தைச் சொல்வோரின் திறமையையும் பரீட்சை செய்து பார்த்தார். ஓய்வு வேளையில் ஆந்திரே டி லோர்து என்பவருடன் கூடி, பயங்கர ரசம் ததும்பும் நாடகங்களும் எழுதினார். இவை யாவற்றினும் மேலாக, மத்லேன், அலிஸ் என்னும் தம் இரு புதல்வியரும் நடை பழகிய நாள் தொட்டு அவர்களைக் கவனித்துவந்தார். ஒருத்தி பிடிமானம் பார்த்து அடியெடுத்து வைப்பவள். மற்றவள் துணிந்து பாய்பவள். ஒரே வீட்டில் ஒரே உணவுண்டு வளர்ந்த இருவரின் புத்தியும் இரு வேறு வழிகளில் செல்வதை 1903-ல் வெளிவந்த நூலில் விரிவாக எழுதினார்.

வக்கீல் தொழிலில் பழகிய நமக்கு அவருடைய மற்றொரு பரிசோதனை மிகவும் ருசிக்கிறது. அட்டையொன்றில் சில பொருள்களை வைத்துப் பிள்ளைகளுக்குச் சிறிது நேரம் காட்டினார். அவற்றுள் ஒன்று பசையால் ஒட்டிய ஒரு பொத்தான். சில பிள்ளைகளிடம், பொத்தானைத் தைத்திருந்த நூல் என்ன நிறம் என்று கேட்டார். நூலே இல்லை, எனினும் பலர் ஒரு நிறத்தைச் சொன்னார்கள்! கேள்வியே சாட்சியத்தை உண்டாக்கிவிடும் என்பதை 1900-ல் அவர் இங்ஙனம் நிரூபித்தார். குறுக்கு விசாரணையில் மகிழும் நம் தொழிலார் இதனை மனத்தில் பதித்துக்கொள்ளுதல் தகும்.

மண்டையின் அளவு பெரிதானால் புத்தியும் பெரிதென்பது அக்காலத்துப் பண்டிதர் பலரின் கொள்கை. பினேயும் பள்ளிதோறும் சென்று, கெட்டிக்காரர் என்றும் மந்தர் என்றும் உபாத்தியாயர்கள் பொறுக்கித் தந்த பிள்ளைகளின் தலைகளை அளந்தார். வேற்றுமை மிக அற்பமாயிருந்தது. அதுவும் மெய்யோ, தம் எதிர்பார்ப்பு தம் கையை இழுத்ததால் வந்ததோ என்று ஐயுற்று, அவ்வழியையே கைவிட்டார். தாம் விரும்பிய முடிவைச் சந்தேகிக்கும் இந்த நேர்மை பண்டிதரிடத்தில் அரிதாகவே காணப்படுகிறது.

பிரான்சில் 1882-ம் வருஷத்துச் சட்டத்தால் ஆரம்பக் கல்வி கட்டாயமாயிற்று. முன்னே வீட்டோடு நின்றுவிட்ட பிள்ளைகளும் பள்ளிக்கு வந்தார்கள். அவர்களில் சிலர் பாடத்தைத் தொடர முடியாமல் தவித்தார்கள். அவர்களுக்கு வழி தேடச் சர்க்கார் 1904-ல் லெயோன் பூர்ஷுவா தலைமையில் ஒரு கமிஷன் ஏற்படுத்தியது. பினே அதில் ஓர் அங்கத்தினர். ஒரே பிள்ளைக்கு ஒரு வைத்தியர் ஒரு பெயரும், மற்றொருவர் வேறொரு பெயரும் இட்டு அத்தாட்சி கொடுப்பதைக் கண்டு அவர் திகைத்தார். மனம்போனபடி தீர்ப்பளிக்கும் இவ்வழக்கத்தை ஒழிக்க, தியோடோர் சிமோன் என்னும் இளம் வைத்தியருடன் சேர்ந்து, 1905-ல் முப்பது சோதனைகள் கொண்ட ஓர் அளவுகோலை அமைத்தார். எரியும் தீக்குச்சியைக் கண்கள் பின்தொடர்கின்றனவா என்பது முதற் சோதனை; நெருங்கிய பொருளுள்ள இரு சொற்களின் வேற்றுமையைக் கூறுதல் போன்றவை இறுதிச் சோதனைகள். 1908-ல் அதைத் திருத்தி, மூன்று வயது முதல் பதின்மூன்று வரை எவ்வயதுப் பிள்ளை எதைச் செய்யும் என்று வகுத்தார். மூன்று வயதுக் குழந்தை மூக்கையும் கண்ணையும் தொட்டுக் காட்டும். ஒன்பது வயதுப் பிள்ளை கடைக்காரனைப் போலச் சில்லறை மாற்றிக் கொடுப்பான். ‘மன வயது’ என்னும் கருத்து இங்ஙனம் பிறந்தது.

ஆனால் இவ்வளவுகோல் எதற்காக? இக்கேள்வியே முக்கியமானது. பிள்ளையைத் தள்ளுவதற்கன்று, கைதூக்கிவிடுவதற்கே என்பது பினேயின் உறுதி. தொல்லை கொடுக்கும் பிள்ளைகளைத் தொலைத்துவிட உபாத்தியாயர்கள் இதனை ஒரு சாக்காகக் கொள்வார்களோ என்று அவரே அஞ்சினார். பாரிஸில் கிரான்ஷ்-ஓ-பெல் தெருப் பள்ளிக்கூடத்தில் பரிசோதனைச் சாலையொன்றை அமைத்து, அதன் தலைமை உபாத்தியாயரோடு சேர்ந்து உழைத்தார். ஏழைகளின் பள்ளிகளில் ஒரு வகுப்புக்கு 60 முதல் 80 பிள்ளைகள் அடைந்துகிடந்த காலத்தில், பின்தங்கியோருக்கு 15 அல்லது 20 பேருக்கு மேற்படாத தனி வகுப்புகள் வேண்டுமென்றார். அவ்வகுப்புகளில் பாடத்துக்கு முன் கவனத்தைப் பழக்கினார்கள். சிலைபோல் அசையாமல் நிற்பது ஒரு விளையாட்டு. அதிலே பிள்ளைகள் தங்களை அறியாமலே மனத்தை அடக்கக் கற்றார்கள். வளைந்த முதுகை நிமிர்த்துவது போலப் புத்தியையும் நிமிர்த்தலாம் என்று அவர் நம்பினார். புத்தியென்பது பிறக்கும்போதே அளந்து கொடுத்த மாறாத பொருள் என்போரை, 1909-ல் வெளியான தம் நூலில் வன்மையாகக் கண்டித்தார். அதே வருஷம் இத்தகைய தனி வகுப்புகளுக்குச் சட்டமும் பிறந்தது. 1911-ம் வருஷம் அக்டோபர் மாதம் 18-ந் தேதி, ஐம்பத்து நான்காம் வயதில் பினே காலமானார்.

அவர் போன பின் அளவுகோல் கை மாறிற்று. 1912-ல் ஜெர்மானியப் பண்டிதர் ஸ்டெர்ன், மன வயதை உண்மை வயதால் வகுத்து ஒரே எண்ணாக்கலாம் என்றார். அமெரிக்காவில் டெர்மன் 1916-ல் அதை நூறால் பெருக்கி ‘ஐ.க்யூ.’ என வழங்கினார். குழந்தைக்கு உதவ வந்த எண், அதன் நெற்றியில் குத்திய முத்திரையாயிற்று. கோடார்ட் என்பவர் இச்சோதனையைக் கொண்டு, கப்பலிலிருந்து இறங்கும் ஏழைக் குடியேறிகளையும் மந்த புத்தியினர் என்று முத்திரையிட்டார்.

இதன் உச்சத்தை வர்ஜீனியா மாகாணத்தில் காண்கிறோம். கேரி பக் என்னும் இளம் பெண்ணின் மன வயது ஒன்பதே என்று சொல்லி, அவளுக்கு இனிக் குழந்தை பிறவாதபடி சஸ்திர சிகிச்சை செய்ய அதிகாரிகள் துணிந்தார்கள். 1927-ல் அமெரிக்கச் சுப்ரீம் கோர்ட்டு எட்டு நீதிபதிகளுக்கு ஒருவர் என்ற கணக்கில் அதனை அனுமதித்தது. பள்ளியில் அவள் நன்றாகவே படித்தவள் என்பதற்கு உபாத்தியாயரின் குறிப்பு இருந்தது. அது கோர்ட்டில் காட்டப்படவில்லை. அவளுக்காக நின்ற வக்கீலே எதிர்க்கட்சியாரோடு உறவாடியவர் என்பதைப் பின்வந்த ஆராய்ச்சியாளர் வெளிப்படுத்தியிருக்கின்றனர். வழிவழி வரும் மந்தத்துக்குச் சாட்சியாக நிறுத்திய அவளுடைய கைக்குழந்தை, பின்னர்ப் பள்ளியில் நல்ல மாணவியரின் பட்டியலில் இடம்பெற்று, எட்டாம் வயதில் நோயால் மாண்டது. இவ்வரலாற்றைப் படிக்கையில் வக்கீலாகிய நாம் தலைகுனிகிறோம்.

ஆதலால் அளவுகோலையே ஒடித்தெறிய வேண்டுமோ? வேண்டுவதில்லை. பினேயின் சோதனை இன்றும் திருந்திய பதிப்புகளில் வழங்குகிறது. தக்கவர் கையில் அது பயன்படத்தான் செய்கிறது. சுரமானியில் சூடு ஏறியிருந்தால் வைத்தியர் நோயாளியைத் தெருவில் தள்ளுவதில்லை, மருந்தைத் தேடுகிறார். ஒரு பிள்ளை குறைந்த எண் பெற்றால், அவனுக்கு நாம் செய்யவேண்டிய வேலை அங்கேதான் தொடங்குகிறது. வீட்டில் வாங்கிப் பார்க்கும் மதிப்பெண் பத்திரிகைக்கும் இதே நியாயந்தான். அடுத்த முறை அது கைக்கு வரும்போது, ‘இவன் எத்தனை வாங்கினான்?’ என்று கேட்பதோடு நில்லாமல், ‘இவனுக்கு எது தடையாக நிற்கிறது?’ என்றும் பெற்றோர் கேட்பாராக. அப்படிக் கேட்கும் வீட்டில், கடைசிப் பெஞ்சியிலுள்ள பிள்ளைக்கும் விசாரணை உண்டு.