அசலோடு போட்டியிடும் போலித் துப்பாக்கிகளும் வன்னி மண்ணும்

கோயில் திருவிழாக் கடைகளிலும் பெருநாட் சந்தைகளிலும் சிறுவர் அடம்பிடித்து வாங்கும் விளையாட்டுத் துவக்கு, பார்த்த மாத்திரத்திலேயே பொம்மையென்று தெரிந்துவிடும் காலமொன்று இருந்தது. இன்றோ அசலையும் நகலையும் அருகருகே வைத்தாலும் வேறுபாடு காண முடியாத போலித் துப்பாக்கிகள் உலகச் சந்தையை நிறைத்துள்ளன. 'எயார்சொப்ட்' எனப்படும் இவ்வகையில், உப இயந்திரத் துப்பாக்கிகளின் நகல்களுக்கு இளைஞரிடையே பெரும் கவர்ச்சி உண்டு. இவை எவ்வாறு இயங்குகின்றன, நமது மண்ணில் இவற்றுக்கு இடமுண்டா என்பதை விளங்கிக்கொள்வது அவசியமாகும்.

துப்பாக்கி வைத்திருப்பதற்குக் கடுமையான தடைகளைக் கொண்ட ஜப்பானில், 1970களில் தோன்றிய பொழுதுபோக்கு இது. ரவைக்குப் பதிலாக 6 மில்லிமீற்றர் விட்டமுள்ள பிளாஸ்டிக் குண்டுகளைக் காற்றழுத்தத்தால் உந்துவதே இதன் அடிப்படை. 1991இல் டோக்கியோ மருயி நிறுவனம் பற்றரியில் இயங்கும் தானியங்கி வகையை அறிமுகப்படுத்தியது. சிறிய மோட்டார் பற்சில்லுகளைச் சுழற்ற, அவை பிஸ்டனைப் பின்னிழுத்து விடுவிக்கின்றன. சுருள்வில்லின் விசையால் முன்பாயும் பிஸ்டன் காற்றை அழுத்திக் குண்டை வெளியே தள்ளுகிறது. குழலின் தொடக்கத்திலுள்ள சிறு இறப்பர்த் துண்டு குண்டுக்குப் பின்சுழற்சி கொடுப்பதால், அது கீழே சரியாமல் நெடுந்தூரம் செல்கிறது.

கைத்துப்பாக்கி ரவையைத் தொடர்ச்சியாகச் சுடும் குட்டையான ஆயுதமே உப இயந்திரத் துப்பாக்கி. 1960களில் ஜேர்மனியில் உருவான எம்.பி.5 இவ்வகையில் மிகவும் பெயர்பெற்றது; அதன் நகல்களும் அவ்வாறே. புதிய நகல்களில் உலோக உடலும் மடிக்கக்கூடிய பிடங்கும் கழற்றி மாட்டும் ரவைக்கூடும் அமைந்துள்ளன. சுடும்போது தோளில் அசல் போன்ற உதைப்பு உணரப்படுகிறது. ரவைக்கூடு வெறுமையானதும் தானாகவே சுடுவதை நிறுத்தும் வகைகளும் உள்ளன. எடையும் அசலுக்கு நெருங்கியதே.

இவற்றின் வலு எத்தகையது? 0.2 கிராம் குண்டு விநாடிக்கு 100 மீற்றர் வேகத்தில் சென்றால் அதன் சக்தி 1 யூல். தோலில் தழும்பு ஏற்படுத்தும் அளவே ஆயினும், கண்ணிற் பட்டால் பார்வையையே பறித்துவிடக்கூடியது. ஜப்பான் 2006இல் ஏறத்தாழ 1 யூல் என்ற எல்லையைச் சட்டமாக்கியது. பிரித்தானியா 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின்மூலம் தானியங்கி வகைகளுக்கு 1.3 யூல் என வரையறுத்தது. 18 வயதுக்குக் குறைந்தோருக்குப் போலித் துப்பாக்கி விற்பதும் அங்கு குற்றமாகும். ஆப்கானிஸ்தானில் 2015 நோன்புப் பெருநாளின்போது விளையாட்டுத் துப்பாக்கிகளால் நூற்றுக்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் சிறுவர், காயமடைந்ததை அடுத்து அரசு அவற்றைத் தடைசெய்தது.

ஆனால், குண்டைவிடத் தோற்றமே பெரிய ஆபத்து. அமெரிக்காவில் 2013இல் கலிபோர்னியாவின் சாந்தா ரோசாவில் 13 வயதுச் சிறுவனும், 2014இல் கிளீவ்லாந்தில் 12 வயதுச் சிறுவன் தமீர் ரைஸும் பொலிஸாரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். இருவரிடமும் இருந்தவை எயார்சொப்ட் நகல்களே. குழலின் நுனியில் செம்மஞ்சள் நிறம் இருக்கவேண்டும் என்று அந்நாட்டில் விதி இருந்தும், இருவரின் கையிலிருந்த நகல்களிலும் அவ்வடையாளம் காணப்படவில்லை.

இப்பின்னணியில் வன்னியை நோக்குவோம். 2009 மே மாதத்தில் போர் முடிந்தபோதிலும், இம்மண்ணிலிருந்து வெடிபொருட்கள் முற்றாக அகலவில்லை. கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் 2017இல் இணைந்த இலங்கைக்கு, அவற்றை அகற்றி முடிக்க 2028 ஜூன் வரை காலக்கெடு உண்டு. நிலத்தில் கிடக்கும் சந்தேகத்துக்குரிய எதையும் தொடாதே, பெரியவர்களிடம் சொல் என்பதே கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் பிள்ளைகளுக்குப் போதிக்கப்படும் பாடம். உலோகத்தாலான ஆயுத நகலை ஆசையோடு கையிலெடுக்கப் பழகும் பிள்ளைக்கு அப்பாடம் எவ்வாறு மனத்திற் பதியும்?

நினைவுகளும் உள்ளன. சிறுவர் கைகளில் மெய்யான துவக்குகள் திணிக்கப்பட்ட காலத்தைக் கண்ட தாய்மார் இங்கு வாழ்கின்றனர். 1990 ஒக்டோபரில் ஆயுத முனையில் வெளியேற்றப்பட்டு, பின்னர் மீண்ட முஸ்லிம் குடும்பங்களும் அயலிலேயே உள்ளன. இவர்களுக்கு இது வெறும் விளையாட்டுப் பொருளன்று. விளையாட்டாகவேனும் சகோதரனை நோக்கி ஆயுதம் நீட்டுவதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்திருப்பதும் சிந்திக்கத்தக்கது.

கண்கவசம் அணிந்து, அதற்கென ஒதுக்கிய களத்தில் வளர்ந்தோர் ஆடும் விளையாட்டைப் பழிப்பது நமது நோக்கமன்று. அதற்குரிய சூழல் இங்கு இல்லை என்பதே வாதம். வெளிநாடுகளிலிருந்து வரும் உறவினர் இத்தகைய பரிசுகளைத் தவிர்ப்பது நன்று. எவரேனும் கொண்டுவர எண்ணினால், முன்கூட்டியே சுங்கத் திணைக்களத்திடமும் பாதுகாப்பு அமைச்சிடமும் எழுத்தில் விசாரிக்க வேண்டும். அசலை ஒத்த துப்பாக்கிகளுக்குத் திருவிழா, பெருநாட் கடைகளில் இடமில்லை என ஆலய பரிபாலன சபைகளும் பள்ளிவாசல் நிர்வாகங்களும் ஒருமித்து அறிவிக்கலாம். சட்டம் வரும்வரை காத்திராமல் ஊர் கூடிச் செய்யக்கூடிய காரியம் இது. பந்தும் பட்டமும் மிதிவண்டியும் தரும் மகிழ்ச்சி, நம் பிள்ளைகளுக்கு எவ்விதத்திலும் குறைந்ததன்று.