உங்களுக்குத் தெரியுமா? செல்ல எலிக்கு ஏற்ற வீடு

சும்மா கிடக்கும் மீன்தொட்டியில் எலியை வளர்க்கலாமே என்று பலருக்கும் தோன்றும். தயவுசெய்து வேண்டாம். எலியின் சிறுநீரிலிருந்து கிளம்பும் அமோனியா, காற்றோட்டம் இல்லாத கண்ணாடிச் சுவர்களுக்குள் அப்படியே தேங்கிவிடும். வளர்ப்பு எலிகளில் பெரும்பாலானவற்றின் உடலில் மைக்கோபிளாஸ்மா என்ற நுண்ணுயிரி ஏற்கெனவே இருக்கிறது. அந்த நெடியில் மூச்சுக்குழாய் நொந்துபோனால், அடங்கியிருந்த கிருமி நுரையீரலைத் தாக்கும். தும்மலில் தொடங்கி மூச்சிரைப்பில் முடியும் இந்த நோய்தான் செல்ல எலிகளைப் பாடாய்ப் படுத்துவது. சுற்றிலும் கம்பி வைத்த கூண்டே நல்லது. நெடி நம் மூக்குக்கு எட்டுவதற்கு வெகு முன்பே, தரையோடு மூக்கை வைத்துத் தூங்கும் எலிக்கு எட்டியிருக்கும்.

தலை நுழைந்தால் எலியின் உடலும் நுழைந்துவிடும்! குட்டிகள் இருந்தால் கம்பிகளுக்கு நடுவே அரை அங்குலத்துக்கு மேல் இடைவெளி கூடாது.

கூண்டுத் தரையில் பரப்பும் பைன், சீடார் மரத்தூள் கமகமவென்று மணக்கும். அந்த மணம்தான் தொல்லை. அதிலுள்ள வேதிப்பொருள்கள் மூச்சுப்பாதையை உறுத்துவதோடு, கல்லீரலின் நொதிகளையும் மாற்றுவதாக ஆய்வகங்களில் கண்டறிந்திருக்கிறார்கள். மையில்லாத காகிதத் துணுக்குகளோ பழைய பருத்தித் துணியோ போதும். வெறும் கம்பித் தரையில் நடந்தால் உள்ளங்கால் புண்ணாகும்.

இங்கிலாந்தின் ஏல்ஸ்பரி நகரில் 1901-ல் நடந்த கண்காட்சியில், மேரி டக்ளஸ் என்ற பெண்மணியின் முயற்சியால் வளர்ப்பு எலிகள் முதன்முதலாகப் போட்டியில் இடம்பெற்றன. எத்தனையோ தலைமுறைகள் மனிதரோடு வாழ்ந்தும், வளை தோண்டும் பழுப்பு எலியின் பிள்ளைகள் என்பதை அவை மறக்கவில்லை. ஒளிந்துகொள்ள இருட்டான பெட்டி ஒன்று கட்டாயம் வேண்டும். கூண்டின் மேற்பகுதியில் பழைய துணியால் ஒரு தூளி கட்டிப் பாருங்கள், ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிப் படுத்துத் தூங்கும். அந்தக் காட்சிக்காகவே எலி வளர்க்கலாம்!

தனி எலி ஏங்கிப்போகும். இரண்டு எலிகளையாவது வளருங்கள், ஒரே பாலினமாக. ஐந்து வாரத்திலேயே இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிடும். சினைக்காலமோ மூன்று வாரம்தான். எலி ஒன்றுக்கு இரண்டு கன அடி இடமாவது ஒதுக்குங்கள்.

எலிக்கு நம்மைப்போல் வியர்க்காது. உடல் சூட்டை முக்கியமாக வாலின் வழியே வெளியேற்றுகிறது. எனவே வெயில் விழும் சன்னல் ஓரம் ஆகாது. சிவப்புக் கண் கொண்ட வெள்ளை எலிகளுக்குக் கடும் வெளிச்சமே விழித்திரையைக் கெடுத்துவிடும்.

நம் காதுக்கு எட்டாத மீயொலியும் எலிக்குக் கேட்கும். மின்கருவிகள் சில அத்தகைய ஒலியை எழுப்புவதால், கூண்டைத் தொலைக்காட்சிப் பெட்டிக்கு அருகே வைக்காதீர்கள்.