ஆழ்கடலிற் பொன்

1958 முதல் 1961 வரை அமெரிக்காவில் ஒளிபரப்பாகிய ‘சீ ஹண்ட்’ என்னும் தொலைக்காட்சித் தொடரில், லொயிட் பிரிட்ஜஸ் முதுகிற் காற்றுக்கலம் சுமந்து கடலுட் பாய்வார். அரைமணி நேரத்துள் காரியம் முடியும். உண்மையான புதையலெடுப்போ அத்துணை எளிதன்று.

1942 இல் பேரன்ற்சுக் கடலில் 465 பொற்கட்டிகளுடன் மூழ்கிய ‘எடின்பரோ’ என்னும் பிரித்தானியப் போர்க்கப்பல் ஏறத்தாழ 245 மீற்றர் ஆழத்திற் கிடந்தது. ஆங்கு அமுக்கம் வளிமண்டலத்தினும் ஏறக்குறைய 25 மடங்காகும். அந்நிலையிற் சாதாரண காற்றைச் சுவாசிப்பின் நைதரசன் அறிவை மயக்கும். விரைந்து மேலெழின் உடலிற் கரைந்த வாயு குமிழிகளாகி உயிரைக் கவரும். ஆதலின், 1981 இற் சுழியோடிகள் அமுக்க அறையில் நாட்கணக்காக வாழ்ந்து, ஈலியமும் ஒட்சிசனுங் கலந்த வாயுவைச் சுவாசித்து, 431 கட்டிகளை மீட்டனர்.

அக்கப்பல் மாண்ட மாலுமிகளின் கல்லறையுமாம். எனவே, வெடிவைத்துத் தகர்க்காது, பக்கத்தை வெட்டியே உட்புகுந்தனர். பொன்னெடுக்கும் அறிவோடு மாண்டோரை மதிக்கும் பண்பும் ஆங்கு வேண்டப்பட்டது.